வங்கதேசத்தின் புயல்களும் மண்கரைகளும்

வங்கதேசத்தின் பரப்பளவு சுமார் 1,47,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஆனால் 2022 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் ஏறக்குறைய 17 கோடிப் பேர். நகரம், கிராமம், ஆறு, சதுப்புக்காடு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல். இந்த நாட்டின் தெற்குப் பகுதி முழுக்கக் கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். கடல் மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரம்கூட இல்லாத இடங்களில் லட்சக்கணக்கான குடும்பங்கள் நெல் விளைவித்து, மீன் பிடித்து, மாடு வளர்த்து வாழ்கின்றன.

வங்கக்கடல் அங்கே புகுந்து வருவது புதிய கதையல்ல. அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல், தமது அயினி அக்பரியில் பாக்லா என்ற கடலோரப் பகுதியில் அடித்த ஒரு பெரும்புயலைக் குறித்து வைத்திருக்கிறார். இன்றைய பாரிசால் பக்கம் அது. கிட்டத்தட்ட இரண்டு லட்சம் உயிர்கள் போயின என்கிறது அந்தக் குறிப்பு. 1876இல் அதே பக்கம் பாக்கர்கஞ்ச் புயல். அலையில் செத்தவர்களும் அதன்பின் வந்த காலராவில் செத்தவர்களுமாக மறுபடியும் சுமார் இரண்டு லட்சம். 1970 நவம்பரில் போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம், ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். 1991 ஏப்ரலில் சுமார் 1,38,000 பேர்.

உலகில் உருவாகும் வெப்பமண்டலப் புயல்களில் நூற்றுக்கு ஐந்தாறுதான் இந்து மகாசமுத்திரத்தின் வடபகுதியில் உருவாகின்றன. பசிபிக்கில் இதைவிடப் பல மடங்கு அதிகம், பலமும் அதிகம். அப்படியிருக்க மிக அதிகமான உயிர்களைக் குடித்த புயல்களின் பட்டியலில் பெரும்பாலானவை வங்கக்கடல் புயல்களாக இருப்பது ஏன்? ஏழ்மை, நெருக்கம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி கடலடியில் இருக்கிறது.

புயலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்றல்ல, தண்ணீர். ஆங்கிலத்தில் ஸ்டார்ம் சர்ஜ் என்கிறார்கள். நாம் புயல் அலை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அலை என்றதும் மனதில் எழும் சித்திரம் இங்கே சரிவராது. இது வந்து மோதித் திரும்பும் அலையல்ல. கடலே மொத்தமாக மேலெழுந்து சில மணிநேரம் நிலத்தின் மேல் நின்றுவிடுவது. கடல்கோள் என்ற நம் பழைய சொல் இதற்குத்தான் இன்னும் பொருத்தம் என்று தோன்றுகிறது.

புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் உறிஞ்சப்பட்டு எழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கடும்புயலில் ஐம்பது அறுபது மில்லிபார் குறைந்தாலும் கிடைப்பது அரை மீட்டர் உயரம். ஆறு மீட்டர் தண்ணீர் எப்படி வந்தது? மிச்சமெல்லாம் காற்றின் வேலை. காற்று கடலின் மேற்பரப்பைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. கடல் ஆழமாக இருந்தால், மேலே தள்ளப்பட்ட நீர் அடிவழியாகத் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத கடலில் திரும்ப வழியில்லை. நீர் குவிய வேண்டியதுதான். கணக்காகச் சொன்னால், ஒரே காற்றுக்கு நீர்மட்டம் சாயும் அளவு, ஆழத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நடப்பதைப்போல நூறு மடங்கு, பத்து மீட்டர் ஆழத்தில் நடக்கும். மேக்னாவின் முகத்துவாரத்திலிருந்து நூறு கிலோமீட்டர் தெற்கே போன பிறகும் கடலின் ஆழம் சில பத்து மீட்டர்கள்தான். அந்த ஆறுகளே கொட்டிய மண் அது. நிலத்தைக் கொடுத்த வண்டலே அதைக் கடலுக்குப் பலிகொடுக்கும் மேடையையும் கட்டி வைத்திருக்கிறது. போதாததற்குக் கடற்கரை புனல்போலக் குறுகிக்கொண்டே போகிறது. தள்ளப்பட்ட நீர் பக்கவாட்டிலும் தப்ப முடியாது. (1964இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதிலும் பாக் நீரிணையின் ஆழமின்மைக்கு இதே பங்கு உண்டு.)

இன்னொன்று நிலவு. சந்த்வீப் தீவுப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆறு மீட்டர் வரை போகும். புயல் கரையேறும் நேரம் ஆறு மணிநேரம் முன்பின் ஆனால், ஊர் பிழைக்கலாம் அல்லது அழியலாம். 1970 நவம்பர் 12 இரவு, மறுநாள் பௌர்ணமி. 1991 ஏப்ரல் 29 இரவு. முந்தைய நாள் பௌர்ணமி. இரண்டு முறையும் உயர் ஓதத்தின்மேல் புயல் அலை ஏறி வந்தது. 2007 நவம்பர் 15இல் வந்த சித்ரும் அசுரப்புயல்தான். ஆனால் அது வந்தது வளர்பிறையின் நடுவில், ஓதம் மிகச் சிறிதாக இருக்கும் நாட்களில். சுந்தரவனக் காடும் குறுக்கே நின்று அடியின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டது. சுமார் 3,400 பேர் இறந்தார்கள். முந்தைய எண்களைப் பார்த்துவிட்டு இதைச் சிறியது என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் மாற்றம் பெரியது, அதில் நிலவின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும்.

சைக்ளோன் என்ற சொல்லே வங்காளத்தில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் பதிவேடுகளைச் சேகரித்துப் புயல்களை ஆராய்ந்தவர். பாம்பு சுருண்டிருப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840களில் அந்தப் பெயரை உண்டாக்கினார். மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது, அங்கே வேண்டாம், கடல் உள்ளே வந்துவிடும் என்று 1853இல் கவர்னர் ஜெனரலுக்கே எழுதினார். யாரும் கேட்கவில்லை. போர்ட் கேனிங் கட்டப்பட்டது. 1867இல் ஒரு புயல் வந்தது, துறைமுகம் கைவிடப்பட்டது. பிடிங்டன் அதற்குள் இறந்துவிட்டார்.

1970க்கு வருவோம். அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் புயலைப் பார்த்துவிட்டன. வானொலியும் எச்சரித்தது. பிறகு நடந்த ஆய்வில், பாதிக்கப்பட்ட பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் புயல் வருவது முன்பே தெரிந்திருந்தது என்று கண்டார்கள். உறுதியான கட்டடத்தில் தஞ்சம் புகுந்தவர்களோ நூற்றுக்கு ஒருவர். தஜுமுத்தீன் தானாவில் மட்டும் மக்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஒரே இரவில் போனார்கள்.

தெரிந்தும் ஏன் போகவில்லை? முதல் காரணம், போக இடமில்லை. ஒரு தீவில் ஒரு செங்கல் கட்டடம் இருந்தால் அதிசயம். மூன்று வாரம் முன்பு அக்டோபரில் ஒரு புயலுக்கு எச்சரிக்கை வந்தது, அது அவ்வளவு பெரிதாக இல்லை. அதுவும் ஒரு காரணம். மூன்றாவது, எச்சரிக்கையின் மொழி.

புயல் கூண்டு நமக்கும் தெரிந்த சங்கதிதான். 'நாகை துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிரிட்டிஷார் விட்டுச்சென்ற அதே முறைதான் வங்கத்திலும். கூண்டின் எண் ஏற ஏறப் புயலின் பலமும் ஏறுகிறது என்றுதான் நானும் நீங்களும் எண்ணுவோம். அப்படியல்ல. 5, 6, 7 மூன்றும் ஒரே பலமுள்ள புயலைக் குறிப்பவை. துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10க்கும் அப்படியே. கப்பல் தலைவனுக்கு இந்தப் பக்கக் கணக்கு உயிர்நாடி. வட அரைக்கோளத்தில் புயலின் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், புயல் போகும் திசைக்கு வலப்பக்கம் கடல் கரைமேல் ஏறும், இடப்பக்கம் கரையைவிட்டு விலகும். ஆனால் போலாவில் வயல் உழுபவனுக்கு இதனால் என்ன பயன்? மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இது மிகவும் பழக்கமான நோயாகத் தெரிகிறது. ஒரு பயனருக்காகச் செய்ததை இன்னொரு பயனர் தலையில் கட்டுவது, பிறகு அவருக்குப் புரியவில்லை என்று குறைபட்டுக்கொள்வது. என்னோடு வேலை செய்த பாரிசால்காரர் ஒருவர், ஊரில் பத்து என்று சொன்னால்தான் பாட்டி பானையை மூடுவாள், ஏழு என்றால் சமையல் நடக்கும் என்பார்.

அந்தப் புயலுக்குப் பிறகு மேற்குப் பாகிஸ்தானிலிருந்த ராணுவ அரசு நிவாரணத்தில் காட்டிய மெத்தனமும், டிசம்பர் தேர்தலில் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் வென்றதும், 1971இன் போரும் தனி வரலாறு. புயல் மட்டும் நாட்டைப் பிறப்பித்தது என்று சொல்வது மிகை. புயல் இல்லாமலும் அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

புதிய நாடு செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று, செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து 1972-73இல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டம். அதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கிராமத்துக்குக் கிராமம் தன்னார்வலர்கள். கையில் மெகாஃபோன், கையால் சுற்றும் சைரன், ஒரு டிரான்சிஸ்டர், சில கொடிகள். ஆபத்து கூடக்கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. எண்களின் குழப்பத்தை மூன்று துணித்துண்டுகள் தீர்த்துவிட்டன. இன்று இந்தத் தன்னார்வலர்கள் சுமார் 76,000 பேர், அவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

இந்தப் பாதிக்குப் பின்னால் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 1991இல் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. லட்சக்கணக்கானவர்கள் வெளியேறவும் செய்தார்கள். ஆனால் கரை முழுக்கக் காப்பகங்கள் சில நூறுதான். இறந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, இளம் வயதினரில் ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு அதிகமாகச் செத்திருந்தார்கள். புடவை காலைச் சுற்றியது, இடுப்பில் குழந்தை, நீச்சல் தெரியாது. இவையெல்லாம் தண்ணீருக்குள் நடந்தவை. தண்ணீர் வருவதற்கு முன்பே, கணவன் வீட்டில் இல்லாதபோது எப்படி வெளியேறுவது, அந்நிய ஆண்கள் நிறைந்த ஒற்றைக் கூடத்தில் கழிப்பறைகூட இல்லாமல் ஒரு இரவை எப்படிக் கழிப்பது என்று தயங்கித் தயங்கி நின்றவர்கள் பலர். மெகாஃபோனில் ஒரு ஆண் குரல் கூப்பிடுவதும் ஒரு பெண் வாசலில் வந்து 'வா அக்கா போகலாம்' என்பதும் ஒன்றாகுமா?

ஆண்களைத் தடுத்தது மாடு. கடன் வாங்கி வாங்கிய மாட்டை விட்டுவிட்டுப் போனால், உயிர் பிழைத்தும் பயனில்லை என்பது அவர்கள் கணக்கு. அதை அறியாமை என்று எழுதுகிறவர்கள், வீட்டுக்கடன் இருக்கும் வீட்டைத் தாங்கள் எப்படி விட்டுப்போவார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். இதற்கு விடையாக வந்தவை 'கில்லா' எனப்படும் மண்மேடுகள். கோட்டை என்று பொருள். புயலின்போது மாடுகள் மேலே நிற்கும். காப்பகங்களும் மாறின. தூண்கள்மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடம். மற்ற நாட்களில் அதுவே தொடக்கப்பள்ளி. நாள்தோறும் பிள்ளைகள் போய்வருகிற இடம் என்பதால் வழி தெரியும், பயம் இல்லை, கட்டடமும் பாழாவதில்லை. இப்போது பல ஆயிரம் காப்பகங்கள் இருக்கின்றன. 1090 என்ற எண்ணைக் கைப்பேசியில் அழுத்தினால் வானிலை எச்சரிக்கையைக் கேட்கலாம்.

2020 மே மாதம், கொரோனா உச்சத்திலிருந்த வேளையில் அம்பான் வந்தது. வங்கதேசம் இருபது லட்சத்துக்கும் அதிகமானவர்களை வெளியேற்றியது. நெருக்கத்தைக் குறைக்கக் கல்லூரிகளையும் பள்ளிகளையும் கூடுதலாகத் திறந்துவிட்டது. அந்த நாட்டில் இறந்தவர்கள் முப்பதுக்குள். லட்சங்களிலிருந்து ஐம்பது ஆண்டுகளில் இந்த எண்ணுக்கு வந்ததை நம் பத்திரிகைகள் உரிய அளவு எழுதியதில்லை என்பது என் ஆதங்கம். வங்கதேசம் என்றால் வெள்ளம், வறுமை என்று முடித்துவிடுகிறோம்.

ஆனால் உயிர் தப்பியவன் மறுநாள் எங்கே திரும்பிப் போகிறான்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

2009 மே 25இல் வந்த ஐலா அப்படியொன்றும் பலமான புயலல்ல. வங்கதேசத்தில் இறந்தவர்கள் இருநூறுக்குள். ஆனால் முந்தைய நாள் அமாவாசை. குல்னா, சாத்கீரா மாவட்டங்களில் மண்கரைகள் உடைந்து உப்புநீர் உள்ளே வந்தது. வந்தது போகவில்லை. தாக்கோப், கொய்ரா, ஷியாம்நகர் பகுதிகளில் சில ஊர்கள் இரண்டு ஆண்டுகள் ஓதநீரில் கிடந்தன. உடைந்த கரையின் உச்சியில் தார்ப்பாய் கட்டி மக்கள் வாழ்ந்தார்கள்.

இந்தக் கரைகளின் கதை 1960களில் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்பு ஜமீன்தார்கள் காலத்தில், எட்டு மாதத்துக்கு நிற்கும் சிறு கரைகளை விவசாயிகள் போடுவார்கள். மழைக்காலத்தில் அவை கரையும், ஆறு வயலில் புகுந்து வண்டலைப் படியவிட்டுப் போகும். அது போதாது, ஆண்டு முழுக்க உப்பைத் தடுத்து விளைச்சலைப் பெருக்க வேண்டும் என்று வெளிநாட்டுப் பொறியாளர்களின் ஆலோசனையோடு நிரந்தரக் கரைகள் எழுந்தன. டச்சுச் சொல்லான பொல்டர் என்றே அவற்றுக்குப் பெயர். மொத்தம் 139 பொல்டர்கள். ஒவ்வொன்றும் சுற்றிலும் மண்கரையும் மதகுகளும் உள்ள ஒரு தீவு. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நெல் நன்றாகவே விளைந்தது.

ஆறுகள் ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன என்பதை மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்பதைவிட, ஹாலந்தில் அந்தப் பிரச்சினை இந்த அளவில் இல்லை என்பதே சரி. கரைக்குள் வண்டல் வரவில்லை. உள்ளே மண் இறுகி அமிழ்ந்தது, வெளியே ஓதம் ஏறிக்கொண்டே போனது. சுந்தரவனத்தை ஒட்டிய 32ஆம் பொல்டரை அளந்தபோது, கரையில்லாத காட்டின் தரையைவிட உள்ளே ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது தெரியவந்தது. வயலுக்குள் போக முடியாத வண்டல் ஆற்றின் படுகையில் படிந்தது. ஆறு மேடானது, வயல் கிண்ணமானது, மதகு திறந்தாலும் தண்ணீர் வெளியே போகாது. 1975இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கிய பிறகு கோடையில் கங்கையின் நன்னீர் குறைந்து உப்பு இன்னும் மேலேறியதும் சேர்ந்துகொண்டது.

பீல் டகாதியா என்ற பெரும் தாழ்நிலத்தில் ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கிக் கிடந்தது. 1990இல் அங்கே மக்கள் தாங்களே மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டிவிட்டார்கள். சட்டப்படி குற்றம். 1997இல் ஹரி ஆற்றங்கரையில் பீல் பாய்னாவிலும் வெட்டினார்கள். ஓதம் நாளைக்கு இருமுறை உள்ளே வந்து வண்டலைப் போட்டுவிட்டுத் தெளிந்த நீராக வெளியே ஓடியது. சில ஆண்டுகளில் வயல் உயர்ந்தது, ஓட்டத்தில் அரிக்கப்பட்டு ஆறும் ஆழமானது. இதைப் பார்த்த பொறியாளர்கள் இதற்கு ஓத ஆற்று மேலாண்மை என்று பெயர் வைத்து அரசுத் திட்டமாக்கிக்கொண்டார்கள். ஐலா உடைத்த 32ஆம் பொல்டரிலும் அந்த இரண்டு ஆண்டுகளில் உடைப்பை ஒட்டிய நிலத்தில் பல பத்து சென்டிமீட்டர் மண் ஏறியிருந்தது. ஊரைக் கெடுத்த நீர், ஊருக்கு வேண்டியதையும் கொண்டுவந்துதான் போட்டிருக்கிறது.

உப்பைத் தடுக்கக் கட்டிய கரைக்குள் உப்பை வேண்டுமென்றே விட்டவர்களும் உண்டு. எண்பதுகளில் ஏற்றுமதிக்கான இறால் பண்ணைகள் பெருகின. மதகைத் திறந்து, கரையைத் துளைத்துக் குழாய் போட்டு உப்புநீரைக் கொண்டுவந்தார்கள். துளைத்த கரை புயலுக்கு நிற்காது. 22ஆம் பொல்டரின் மக்கள் இறாலை உள்ளே விட மறுத்தார்கள். 1990இல் அந்த எதிர்ப்பில் கருணாமயி சர்தார் என்ற பெண் கொல்லப்பட்டார். கிழக்கே சக்கோரியாவில் கடலை மறித்து நின்ற சதுப்புக்காட்டையே இறாலுக்காக வெட்டினார்கள். 1991 புயல் வந்தபோது அங்கே மறிக்க ஒன்றும் இருக்கவில்லை. நாம் இருக்கும் ஊர்களின் பேரங்காடிகளில் உறைந்த நிலையில் கிடைக்கும் இறாலில் ஒரு பகுதி இந்த வயல்களிலிருந்து வருவதுதான்.

குடிநீர் பற்றி ஒரு வார்த்தை. குளம் உப்பானால் பெண்கள் குடத்தோடு பல கிலோமீட்டர் நடக்கிறார்கள். தாக்கோப்பில் கர்ப்பிணிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், கோடையில் நீரின் உப்பு கூடும்போது ரத்த அழுத்தக் கோளாறும் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

கடல் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் வங்கதேசத்தில் ஆறில் ஒரு பங்கு மூழ்கும் என்று நீல நிறம் பூசிய வரைபடங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வரைபடத்தில் நிலம் அசையாத பலகை. உண்மையில் மேக்னாவின் வாயில் ஒரு பக்கம் தீவுகள் கரைகின்றன, மறுபக்கம் புதிய மணல்திட்டுகள் முளைக்கின்றன. ரோஹிங்கியா அகதிகளை 2020 முதல் குடியேற்றிய பாஷன் சர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைபடத்திலேயே இல்லை. ஆகவே நாடே மூழ்கிப்போகும் என்பதும் தவறு, வண்டல் காப்பாற்றிவிடும் என்பதும் தவறு. போலாவில் நிலம் இழந்தவனுக்கு எங்கோ முளைத்த திட்டில் பட்டா கிடைப்பதில்லை. அவன் படகேறி டாக்காவுக்குப் போகிறான். மீர்ப்பூரில் போலா பஸ்தி என்றே ஒரு குடிசைப்பகுதி இருக்கிறது.

கரையை உயர்த்துவதா, திறந்துவிடுவதா என்பதுதான் இன்று அங்கே நடக்கும் வாதம். உலக வங்கிக் கடனில் சில பொல்டர்களின் கரைகளை உயர்த்தியிருக்கிறார்கள். 2024 மே மாதம் ரெமல் புயல் மெதுவாக நகர்ந்து, பல ஓதங்களுக்கு நீரைக் கரைமேல் நிறுத்தியபோது பழைய கரைகள் பல இடங்களில் மறுபடி உடைந்தன. திறந்துவிடுவதோ கேட்பதற்கு எளிது. மூன்று நான்கு ஆண்டுகள் தன் வயலை ஓதத்துக்குக் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? நஷ்டஈடு உண்டு என்றார்கள். 2006இல் கிழக்கு பீல் குக்‌ஷியாவைத் திறந்தபோது, பட்டா யார் பெயரில், பங்காளிகள் எத்தனை பேர் என்ற காகிதச் சிக்கலில் பலருக்கு அது வந்து சேரவில்லை. குத்தகைக்கு உழுதவருக்குக் காகிதமே கிடையாது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பீல் கபாலியாவின் மக்கள், 2012இல் தங்கள் நிலத்தைத் திறக்க வந்தவர்களை அடித்து விரட்டினார்கள். திட்டம் அத்தோடு நின்றது. ஆறு மீண்டும் தூர்ந்தது. பவதஹ மதகைச் சுற்றியுள்ள ஊர்களில் மழைக்காலம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது.